பட்டையை இறுக்கியது அவர்தான்

பொத்தான் வாங்க வருகிறவர்கள் பொத்தானைப் பார்ப்பதில்லை, ஐயா. கல்லாவில் இருப்பவரின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். சிப்பியா, பிளாஸ்டிக்கா, எருமைக் கொம்பா என்பதெல்லாம் அப்புறம். இந்த முகம் எவ்வளவு இறங்கும் என்பதுதான் முதல் கேள்வி. ஒசாகாவில் பிறந்த குழந்தைக்குக்கூட இது தெரியும்.

உங்கள் பேச்சைக் கேட்டால் டோக்கியோக்காரர் மாதிரி இருக்கிறது. அங்கே ஒட்டியிருக்கிற விலையைக் கொடுத்துவிட்டு, குனிந்து ஒரு வணக்கமும் சொல்லிவிட்டு வருவீர்களாம். நல்ல பழக்கம்தான். எங்களுக்கு அது எழவு வீட்டில் நடந்துகொள்வது போல இருக்கும். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் சொல்லப்போவது முழுக்கப் பேரம் பற்றியது. புரியாத இடத்தில் நிறுத்திக் கேளுங்கள்.

இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்ததிலிருந்து என்னை வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கச் சொல்கிறீர்கள். புருஷனைப் பறிகொடுத்த கிழவி, அந்தச் சின்னப் பெண் மேல் இரக்கப்பட்டுப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ள வந்திருக்கிறாள் என்று உங்களுக்கு ஒரு எண்ணம். அது உங்கள் நல்ல மனசு. ஆனால் குசுமி என் கணவரைச் சாகடிக்கவில்லை. அவளுக்கு அந்த அளவு சாமர்த்தியம் போதாது.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மாதிரி பழைய வியாபாரக் குடும்பங்களில், பெண் பிறந்தால்தான் கொண்டாட்டமாகச் சிவப்புப் பயறு போட்டுச் சோறு பொங்குவார்கள். ஆண்பிள்ளை எப்படி வாய்க்கும் என்று யாருக்குத் தெரியும்? மருமகன் என்றால் நாமே பார்த்து எடுக்கலாம். கடை ஆட்களில் கெட்டிக்காரனாக ஒருத்தனைப் பொறுக்கி, பெண்ணைக் கொடுத்து, குடும்பப் பெயரையும் கொடுத்து, கல்லாவில் உட்காரவைத்துவிடுவார்கள். அப்படிப் பொறுக்கப்பட்டவர்தான் இசாவோ. என் அப்பா பொத்தானைப் பொறுக்கும் அதே நிதானத்தோடு, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து அவரை எடுத்தார். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரியென்றுதான் சொல்லியிருப்பேன். சரக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எங்கள் கல்லா பழைய மாதிரி. தெருவைப் பார்த்த ஒரு மேடை, மேலே பாய். முழங்காலை மடித்துக் குதிகால் மேல் உட்கார வேண்டும். சிறுவயதில் அப்பா பக்கத்தில் நான் அங்கேதான் இருப்பேன். வாடிக்கையாளர் ஒரு விலை சொன்னதும் அப்பா என் பக்கம் பார்ப்பார். நான் உதட்டைப் பிதுக்கினால் பேரம் படியாது. கல்யாணத்துக்கு மறுநாள் காலை அந்த மேடையில் இசாவோ ஏறி உட்கார்ந்தார். நான் திரைத்துணியை விலக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. உட்கார இடம் இல்லாதவர்கள் எழுந்துதானே போக வேண்டும்.

இசாவோ கெட்டவர் இல்லை. கை நீட்டியதில்லை, குடித்துவிட்டு விழுந்து கிடந்ததில்லை. பேரத்தில் மட்டும் அவருக்கு ஒரு வியாதி. லாபம் வேண்டாம், ஜெயிக்க வேண்டும். பொத்தான் செய்கிறவர்களிடம் சரக்கு எடுக்கும்போது, விலை படிந்த பிறகும் ஒரு கைப்பிடி கொசுறு பிடுங்கினால்தான் அவருக்குச் சோறு இறங்கும். "இதுக்கு மேல முடியாது" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அதற்கு மேல் ஒன்றை வாங்காமல் விடமாட்டார். அது தனக்கு வேண்டியதா வேண்டாததா என்பதெல்லாம் கணக்கில் வராது. ஒருதரம் குடை வாங்கப் போனவர், கம்பி ஒடிந்த இன்னொரு குடையையும் கொசுறாக வாங்கிக்கொண்டு, அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்தார். நான் திரைக்குப் பின்னாலிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டு முள்ளங்கி நறுக்கினேன். கை முள்ளங்கி நறுக்கும்போது காது நன்றாக வேலை செய்யும்.

பிறகு அவருடைய வலது முழங்கால் தேய்ந்தது. முதலில் மடக்க முடியவில்லை, அப்புறம் மேடையில் ஏற முடியவில்லை, அப்புறம் மாடியிலிருந்து இறங்கவே முடியவில்லை. "கால் சரியாகிற வரைக்கும் நீ கொஞ்சம் பாத்துக்க" என்றார். நான் முகத்தில் ஒன்றும் காட்டாமல் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். பாய் நான் விட்ட இடத்திலேயே இருந்தது.

அப்படிக் கல்லாவில் உட்கார்ந்த நாலு வருஷத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உடம்பு கொஞ்சம் போட்டேன். நன்றாகத் தூங்கினேன். என் பேரம் வேறு மாதிரி, எதிராளியை ஜெயிக்கவிட்டுவிடுவேன். ஜெயித்தவன் மறுபடி வருவான், தோற்றவன் வேறு கடைக்குப் போவான். கோபேயிலிருந்து கோட்டு தைக்கிறவர் ஒருத்தர் வருவார், ஊரிலேயே கடுமையான வாய். அவர் ஒவ்வொரு முறையும் என்னிடம் ஜெயித்துவிட்டுப் போவார், ஒவ்வொரு முறையும் இன்னும் பெரிய மூட்டையாகத் தூக்கிக்கொண்டு. மாடியில் இசாவோ டிவி பார்த்தார். ஏதாவது வேண்டுமென்றால் கைத்தடியால் தரையைத் தட்டுவார். போவேன், கொடுப்பேன், வருவேன். எல்லாருக்கும் சௌகரியமான ஏற்பாடு என்றுதான் நினைத்திருந்தேன்.

போன இலையுதிர் காலத்தில் அவர் முட்டி மாற்று ஆபரேஷன் செய்துகொண்டார். பானைக்கடை தெராமோட்டோ செய்துகொண்டாராம். அவர் செய்துகொண்டால் இவரும் செய்துகொள்ள வேண்டும். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் நாலு வருஷம் சும்மா கிடந்த தொடை, வாடின வெங்காயத்தாள் மாதிரி ஆகியிருந்தது. புது முட்டி மேல் கனமான எடையைப் போட்டுப் பயிற்சி செய்யவும் முடியாது. அதற்குத்தான் வீட்டுக்கு வந்து பிசியோதெரபி செய்ய ஒரு பெண்ணை அனுப்பினார்கள். அவள்தான் குசுமி. வடக்கே அகிதாப் பக்கத்துப் பனியூர்க்காரி. ஒசாகா வந்து வாய் வளர்ந்திருந்தது.

அவள் கொண்டுவந்த வைத்தியம் எனக்கு முதல் பார்வையிலேயே பிடித்துப்போயிற்று. தொடையின் மேல்முனையில் ஒரு பட்டையைச் சுற்றிக் காற்றடிப்பார்கள். உள்ளே போகிற ரத்தம் கொஞ்சம் குறையும், திரும்பி வருகிற ரத்தம் தேங்கி நிற்கும். அந்த நிலையில் உட்கார்ந்தபடியே காலை நீட்டி மடக்கினால், ஏதோ பெரிய பாரம் தூக்கிவிட்டோம் என்று தசை ஏமாந்துபோய்ப் பலத்தைக் கூட்டிக்கொள்ளும். கொஞ்சம் கொடுத்து நிறைய வாங்குவது. "இதைக் கண்டுபிடிச்சது நம்ம நாட்டுக்காரங்கதான்" என்றாள் குசுமி. "அப்ப ஒசாகாக்காரனாத்தான் இருக்கணும்" என்றார் இசாவோ.

இதை நன்றாக எழுதிக்கொள்ளுங்கள்: பட்டை ஒரு பாவமும் அறியாது. சொன்ன அளவில், சொன்ன நேரத்துக்குக் கட்டி அவிழ்த்தால் அது தங்கமான சரக்கு. என் கண்ணாலேயே பார்த்தேன், அந்தத் தொடை வாரத்துக்கு வாரம் உருண்டு வந்தது.

குசுமி அளவு பார்த்துக் காற்றை நிறுத்துவாள். இவர் உடனே ஆரம்பிப்பார்.

"என்ன வாத்தியாரம்மா, இவ்வளவு கஞ்சத்தனம்? இன்னும் ரெண்டு அமுக்கு அமுக்கேன்."

"அமுக்கமாட்டேன் ஐயா."

"சரி, ஒண்ணு."

"இது கருவாட்டுக் கடை இல்ல."

"கருவாட்டுக்காரன் உன்னைவிட மனசுள்ளவன்மா. தலையை இலவசமாக் குடுத்துடுவான்."

"உங்க தலை இலவசமாப் போயிடக் கூடாதுன்னுதான் சொல்றேன். நீட்டுங்க காலை."

அவர் சிரித்துக்கொண்டே நீட்டுவார். மூத்த வியாபாரி, தன்னை மடக்குகிற சின்னப் பெண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படுவார் அல்லவா, அப்படி. நானும் டீ வைத்துவிட்டு ஓரமாக நின்று சிரித்தேன்.

தான் வராத நாட்களில் பயிற்சி வேண்டாம் என்பதுதான் குசுமி சொன்ன ஏற்பாடு. இவர் விடவில்லை. பட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போ என்று அவள் வருகிற நாளெல்லாம் பேரம். அவள் மசியவே இல்லை. கடைசியில் நான்தான் நடுவில் புகுந்து படியவைத்தேன்.

"நான் பக்கத்துலயே இருப்பேன்மா. ஆயிரம் பொத்தான்ல ஒரு கீறல் பொத்தானைக் கண்டுபிடிக்கிற கண்ணு இது. ஒரு பட்டையில எண் பார்க்கத் தெரியாதா?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் சொன்னேனே, எல்லாரும் முதலில் முகத்தைத்தான் பார்ப்பார்கள். "நீங்க இருக்கிறதாலதான் அம்மா" என்று சொல்லிப் பட்டையைக் கொடுத்தாள். அந்த நாளில் எனக்கு எந்தக் கெட்ட எண்ணமும் கிடையாது. அவர் நச்சரிப்பு தாங்காமல் சொன்னதுதான்.

பிறகு என்னை அடுக்களைப் பக்கம் கூப்பிட்டுத் தனியாக எச்சரித்தாள். ஆபரேஷன் ஆன காலில் ரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அதனால்தான் மாத்திரை, அதை ஒரு வேளைகூட விடக் கூடாது. ஒரு பக்கத்துக் கெண்டைக்கால் மட்டும் வீங்கினால், சூடாக இருந்தால், வலித்தால், எந்த நேரமானாலும் கூப்பிட வேண்டும்.

"முக்கியமா, தேய்ச்சு மட்டும் விட்டுடாதீங்க அம்மா. ரத்தக்கட்டி பேர்ந்து நுரையீரலுக்குப் போயிட்டா ஆளு நமக்கில்ல."

நான் தலையாட்டினேன். அவள் வரும்போதெல்லாம் மறக்காமல் இதையே சொல்லுவாள், நான் மறக்காமல் தலையாட்டுவேன். ஆகவே அவள் சொல்லவில்லை என்று யாராவது எழுதியிருந்தால், அடித்துவிடுங்கள்.

மார்கழிக் குளிர் தொடங்கும்போது ஒரு நாள் கடைக்கு ஒரு பெரிய அட்டைப் பெட்டி வந்தது. நான் ஆர்டர் செய்யவில்லை. பிரித்தால் ஒரு நாற்காலி. கைப்பிடி, மெத்தை, எல்லாம் உண்டு. புது முட்டி நடக்க உதவும், குதிகால் மேல் மடித்து உட்கார உதவாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்காக இசாவோ, என் அப்பா உட்கார்ந்த மேடையில் போட ஒரு நாற்காலி வரவழைத்திருந்தார். நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது மாடிப்படியில் சத்தம் கேட்டது. தடி இல்லாமல், ஒவ்வொரு படியாக, அவரே இறங்கி வந்தார்.

அந்த நேரத்தில் கோபேக்காரர் கடையில் இருந்தார். எருமைக் கொம்புப் பொத்தானுக்கு நானும் அவரும் பேசிப் பேசி, அவர் ஜெயிக்கப்போகிற இடத்துக்கு வந்திருந்தோம். இசாவோ நாற்காலியை மேடையில் ஏற்றச் சொன்னார், ஏற்றினேன். "எந்திரி, சும்மா உக்காந்து பாக்கறேன்" என்றார், எழுந்தேன். உட்கார்ந்த சூட்டோடு கோபேக்காரரைப் பார்த்து, "என்னய்யா, பொம்பளைகிட்ட அடிச்சுப் பிடுங்கறியா? இப்ப என்கிட்ட பேசு பாப்போம்" என்றார். பேசினார்கள். இசாவோ ஜெயித்தார். கோபேக்காரர் ஒரு பொத்தான்கூட வாங்காமல் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

"பாத்தியா, வாயடைச்சுப் போயிட்டான்" என்றார் இசாவோ. பிறகு என்னைப் பார்த்து, நிஜமாகவே அன்பாகச் சொன்னார். "நீ நல்லா ஒப்பேத்திட்ட மிட்சுயே. எபிசு திருவிழா முடிஞ்ச மறுநாள்லேருந்து நான் உக்காந்துக்கறேன். பாவம், நீயும் எத்தனை நாள்தான் முட்டி நோக உக்காருவ."

என் முட்டி ஒருநாளும் நொந்ததில்லை. அன்று அவருக்குப் பிடித்த மாதிரி முள்ளங்கியும் மீன் உருண்டையும் போட்டு மெதுவாகக் கொதிக்கவைத்தேன். நன்றாக வந்திருந்தது.

எபிசு என்பவர் வியாபாரிகளின் சாமி. அவர் திருவிழா ஜனவரியில் வரும். அவருக்குக் காது மந்தம். கும்பிட்டது கேட்டிருக்காது என்று கோயிலுக்குப் பின்னால் போய்ப் பலகையைத் தட்டி, "வந்துட்டோம் சாமி, கேட்டுச்சா" என்று கத்திவிட்டு, கடைக்கு ராசியென்று மூங்கில் கிளை வாங்கி வருவோம். அந்தக் கோயிலுக்குத் தன் காலில் நடந்துபோய்க் கிளை வாங்கிவந்து கடையில் கட்டுவேன், மறுநாள் கல்லா என்னுடையது என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார் இசாவோ. நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் வேறொன்றும் செய்யவில்லை, ஐயா. விலை மட்டும் சொன்னேன்.

குசுமி வராத ஒரு நாள், அவர் பட்டையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"அந்தத் தெராமோட்டோ எவ்வளவு அளவுல கட்றானாம்?"

"அவர் பேச்சு எதுக்குங்க. அவருக்கு ஒடம்பு வேற."

"எவ்வளவுன்னு கேட்டேன்."

நான் ஒரு எண்ணைச் சொன்னேன். குசுமி குறித்துக் கொடுத்ததைவிடக் கூட. உண்மையில் தெராமோட்டோ பட்டையைக் கண்ணால்கூடப் பார்த்தவர் இல்லை. பயிற்சியே வேண்டாமென்று சொல்லிவிட்டு வீட்டில் அரிசி பிஸ்கட் கடித்துக்கொண்டு கிடந்தார். பக்கத்துக் கடைக்காரன் இந்த விலைக்கு எடுத்தான் என்று சொல்வது எங்கள் தொழிலில் பொய்யாகாது, பேச்சு, அவ்வளவுதான்.

"பானை விக்கறவன் தாங்கறதை நான் தாங்கமாட்டனா?"

"குசுமி இவ்வளவுதான் முடியும்னு சொல்லியிருக்கா."

"யாருக்கு?"

"உங்களுக்கு."

அவர் காற்றை அடித்தார். நான் பொத்தானை அட்டையில் கோத்துக்கொண்டிருந்தேன். என் விரல் பட்டை மேல் படவில்லை. ஒருநாள்கூடப் படவில்லை, இதை அடிக்கோடு போட்டு எழுதுங்கள்.

அதற்குப் பிறகு சுலபமாகப் போயிற்று. டிவியில் ஷோகி, அதாவது எங்கள் ஊர்ச் சதுரங்க ஆட்டம் ஓடும். அவர் பட்டையோடு உட்கார்ந்திருப்பார். "போதுங்க, அவுத்துடுங்க, உங்க வயசுக்கு இதுவே அதிகம்" என்பேன். அப்படிச் சொன்னால் ஆட்டம் முடிகிற வரை அவிழ்க்கமாட்டார். கால் நிறம் மாறும். "மரத்துப் போகுதே" என்பார். "அப்ப விட்டுடலாமா?" என்பேன். விடமாட்டார். விடச் சொன்னது நான், விடாதது அவர். நாற்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்த மனிதரை எந்தச் சொல் எந்தப் பக்கம் தள்ளும் என்று தெரியாமலா இருக்கும்.

மாத்திரையால் கையில் அங்கங்கே நீலம் கன்றியது. "இந்தக் கருமத்தை நிறுத்திட்டா என்ன? நான்தான் நடக்கிறேனே" என்று கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பேரத்தில் பெரிய சொல் எது என்று கேட்டால், ஒன்றும் சொல்லாமலிருப்பது என்று என் அப்பா சொல்லுவார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மாத்திரை அட்டையை மேஜை இழுப்பறைக்குள் போட்டார்.

குசுமி வந்து கேட்பாள், "எல்லாம் சொன்னபடிதானே அம்மா?" "சொன்னபடிதான்" என்பேன். அவருக்கும் தன் கொசுறை வாத்தியாரம்மாவிடம் சொல்லிக்கொடுக்க மனமில்லை, பிடுங்கிக்கொள்வாளே. அதனால் வாயை மூடிக்கொண்டு குறும்பாகச் சிரிப்பார். அவள் மாதிரிப் பெண்ணுக்கு இதெல்லாம் எங்கே பிடிபடும். அவள் பிறந்த பக்கத்தில் சொன்ன விலைக்கு வாங்குவார்கள்.

திருவிழா நெருங்கியபோது அவர் கெண்டைக்கால் வீங்கியது. வலது பக்கம் மட்டும். தொட்டால் சூடு.

"இது ஒரு மாதிரியா கனக்குது மிட்சுயே. குசுமியைக் கூப்பிட்டுக் கேளு."

கேட்கிறேன் என்று அவர் எதிரிலேயே போனை எடுத்தேன். மணி சொல்லும் எண் ஒன்று இருக்கிறது அல்லவா, அதை அழுத்தினேன். அந்தப் பக்கம் ஒரு குரல் மணியும் நிமிஷமும் சொல்லிக்கொண்டே இருந்தது. நான் இந்தப் பக்கம், "அப்படியாம்மா? ஆமாம், வலது கால்தான். சரிம்மா. நல்லதும்மா, சொல்றேன்" என்று பேசினேன். அவ்வளவு பொறுமையாக என் பேச்சை யாரும் கேட்டதில்லை.

"என்ன சொல்றா?"

"தசை கட்டுதாம். நீங்க ரொம்ப வேகமாத் தேறிட்டீங்களாம், அவளுக்கே ஆச்சரியமாம். நல்லா அழுத்தித் தேய்ச்சு விடச் சொன்னா."

"பாத்தியா" என்றார் இசாவோ. அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உடைந்த குடை வாங்கி வந்த நாளில்கூட அவ்வளவு வெளிச்சம் இல்லை.

எண்ணெய் சூடுபண்ணிக் கொண்டுவந்தேன். அவர் காலை என் மடியில் வைத்துக்கொண்டேன். கணுக்காலிலிருந்து மேல்நோக்கி, அவசரமில்லாமல், நன்றாக அழுத்தித் தேய்த்தேன். நானும் அவரும் அவ்வளவு கிட்ட உட்கார்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"உன் கை இவ்வளவு சூடுன்னு தெரியவே தெரியாதே."

"கேட்டிருந்தா காட்டியிருப்பேன்."

"போதும்னு நிறுத்திடாத. இன்னும் கொஞ்சம், கொசுறு."

கொடுத்தேன். மறுநாளும் கொடுத்தேன். இதில் பட்டை இல்லை, எண் இல்லை, தெராமோட்டோ இல்லை. கை என்னுடையது. எதற்காகத் தேய்க்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும், அதனால்தான் தேய்த்தேன்.

திருவிழாவுக்கு முந்தின நாள் தெருவில் விளக்கு கட்டிக்கொண்டிருந்தார்கள். இசாவோ மாடியில் நல்ல உடுப்பு போட்டுக்கொண்டிருந்தார். கீழே கோபேக்காரர் வந்திருந்தார். கல்லாவில் இன்னும் நான்தான் இருக்கிறேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். விட்ட இடத்திலிருந்து எருமைக் கொம்பைத் தொடங்கினோம். மேலே தடியால் தட்டும் சத்தம் கேட்டது. வேகமாக, நிறுத்தி நிறுத்தி.

"அண்ணன் கூப்புடறாரு போல" என்றார் கோபேக்காரர்.

"எபிசு சாமிக்கு ஒத்திகை பார்க்கறாரு" என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த மனிதர் விலையில் ஏறுவார்.

நடுப் பேரத்தில் எழுந்துபோகும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. என் அப்பா இருந்த காலத்தில் பக்கத்துக் கட்டடம் எரிந்தபோதுகூட, பேசி முடித்துவிட்டுத்தான் தண்ணீர் வாளியை எடுத்தாராம். மேலே சத்தம் மெலிந்தது, பிறகு நின்றது. விலை படிந்தது, அவர்தான் ஜெயித்தார். பொத்தானைக் கட்டிக் கொடுத்து, வாசல்வரை போய்க் குனிந்து வழியனுப்பிவிட்டு மாடிக்குப் போனேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும் நான்தான். முகவரியைத் தெளிவாகச் சொன்னேன்.

சாவு வீட்டுக்குக் குசுமி வந்தாள். நெற்றி பாயில் படக் குனிந்து, "என் தப்பு அம்மா, நான்தான் பட்டையைக் கொடுத்துட்டுப் போயிருக்கக் கூடாது, நான்தான் கொன்னுட்டேன்" என்று அழுதாள். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் அவளைப் பார்த்தார்கள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். ஆனால் உள்ளே ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அது துக்கமோ குற்ற உணர்ச்சியோ என்று நீங்கள் நினைக்கலாம். கடையில் ஒரு பொருளை நாள் கணக்கில் பேசி, இறக்கி, ஏற்றி, நாம் படியவைத்திருக்கிறோம். நேற்று வந்த ஒருத்தி எழுந்து, "இதை வித்தது நான்" என்கிறாள். யாருக்குப் பொறுக்கும்? பிறகு அவள் வேலையை விட்டுவிட்டாள், விசாரணை நடக்கிறது, அவள் தப்புதான் என்று எழுதப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். சரி, இதற்கு மேல் சும்மா இருப்பது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் துரோகம் என்று கிளம்பி வந்தேன்.

இப்போது எழுதியதை வாசித்துக் காட்டினீர்கள். 'கவனக்குறைவு' என்று ஒரு சொல் போட்டிருக்கிறீர்கள். எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் போட்டிருப்பீர்கள். அதை எடுத்துவிடுங்கள். நான் வாழ்க்கையில் எது எப்படியிருந்தாலும் கவனக்குறைவாக இருந்ததில்லை. 'தெரிந்தே கொன்றேன்' என்று போடுங்கள். அதுதான் அதன் விலை. இரக்கப்பட்டு இறக்காதீர்கள்.

ஒன்று மட்டும் பிசகாக எழுதிவிட வேண்டாம். கல்லாவுக்காகச் செய்தேன் என்று வந்தால் எனக்கு அசிங்கம். பாய் விரித்த ஒரு பலகைக்காக யாராவது கட்டிய புருஷனைக் கொல்வார்களா? அவருக்கு ஜெயிப்பதில் ஆசை, நான் ஜெயிக்கவிட்டேன். கடைசி மூச்சுவரை ஒரு பேரத்திலும் அவர் தோற்கவில்லை. எத்தனை வீட்டில் பெண்டாட்டி இப்படிப் பார்த்துக்கொள்கிறாள், சொல்லுங்கள்.

மையில் விரல் தோய்த்து வைக்க வேண்டுமா? வைக்கிறேன். துடைக்க ஒரு நல்ல துணியாகக் கொடுங்கள், வெள்ளைச் சிப்பிப் பொத்தானில் மை பட்டால் போகாது. மதியத்துக்குள் முடித்து அனுப்பிவிடுவீர்கள் அல்லவா? சாயங்காலம் கோபேக்காரர் வருகிறார், மேடையில் நான் இல்லையென்றால் அவர் வேறு யாரிடமும் பேசமாட்டார்.